பால் பவுடர் குறைந்த நாள்

“கூடப் பொறந்தவ ரெண்டு நிமிசம் ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குறா. நீ மட்டும் படிச்சுக் கிழிச்சிரப் போறியாக்கும்?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள். எங்கள் வீட்டில் எங்களுக்கு முன் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் ஆறாம் வகுப்பு, வகுப்பு லீடர் வேறு. தங்கை அதே பள்ளியில் நாலாம் வகுப்பு.

அத்தை சொன்னதில் பாதி உண்மை. பந்தல்குடிச் சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் தங்கை சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடுவாள். நாளெல்லாம் ஓடுகிற பிள்ளைக்கு உடம்பு ஏறிக்கொண்டே போனதுதான் ஊருக்கு விளங்கவில்லை. மழை பொய்த்த வருஷம் அது. கம்மங்கஞ்சியை அளந்து ஊற்றும் வீட்டில் ஒரு பிள்ளை பெருத்தால், “எங்குட்டோ களவாண்டு திங்குது” என்றார்கள். அம்மாவும் அவளுக்கு ஓர் அகப்பை கஞ்சியைக் குறைத்தாள்.

கூடவே இருந்த எனக்கு விஷயம் தெரியும். இரண்டு வாய் குடித்ததும் அவள் எழுந்துவிடுவாள். பசியே மறந்துபோகும். திடீரென்று ஞாபகம் வந்ததும் கடலை, கருப்பட்டி, மாட்டுக்கு ஆட்டி வைத்த பருத்திக்கொட்டை என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் வாய்க்குள் போகும். போதும் என்று நிறுத்தத் தெரியாது. தீவனத் தொட்டிக்காகக் காளைக்கும் அவளுக்கும் பங்காளிச் சண்டை என்று அப்பா சிரிப்பார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பால் பவுடர் மூட்டை பிரிந்து, பவுடர் குறைந்திருந்தது. தலைமை ஆசிரியர் தங்கையின் உடம்பைப் பார்த்தார். அவருக்கு அதுவே சாட்சி. ஒப்புக்கு என்னைக் கூப்பிட்டார்.

“மத்தியானம் ஒன் தங்கச்சி எங்க இருந்தா?”

சாலையோரப் புளியமரத்தடியில் லாரி பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் போய் இழுத்து வந்தேன். ஆனால் மத்தியானம் பிள்ளைகள் வெளியே போகாமல் பார்ப்பது லீடர்களின் வேலை; அவளை வெளியே விட்டது என் குற்றம். தெரிந்தால் லீடர் பதவி போய்விடும்.

“தெரியல சார்.”

“அக்கா, நீதான வந்து என்னையக் கூட்டியாந்த?” என்றாள் தங்கை. நான் மறுபடியும் ‘தெரியல சார்’ என்றேன்.

அன்றே அவள் பேரை அடித்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து மூட்டைக்குப் பின்னால் எலி வளை அகப்பட்டது. யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. பருத்தி எடுக்க ஓர் ஆள் கூடியதில் வீட்டுக்கும் நிம்மதி.

அவளுடைய ஓட்டமும் தீனியும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று அன்று எனக்குத் தெரியாது. உட்கார முடியாதது போலவேதான் அவளால் நிறுத்தவும் முடியவில்லை. அதில் திருட்டும் இல்லை, திமிரும் இல்லை. என்னால் உட்கார முடிந்ததை என் நல்ல குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீட்டில் எல்லோர் முன்னாலும் அன்றைய பொய்யைச் சொன்னேன். “இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கா?” என்று தங்கை சிரித்தாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. சாயங்காலம் கண்மாய்க்கரையில் எட்டாம் வகுப்புப் பாடத்தை நான் வாசித்துக்கொண்டே நடக்கிறேன். அவளும் நடந்துகொண்டே படிக்கிறாள். சோற்றுத் தட்டை விட்டு எழுந்து போனால் மூடி வைத்துக் காத்திருக்கிறேன். அவள் திரும்பி வருகிறாள்.

போன திங்கட்கிழமை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு அவளுடைய விண்ணப்பத்தை அருப்புக்கோட்டையில் தபாலில் சேர்த்தேன். தேர்வு நேரத்தில் இடையிடையே எழுந்து நிற்க அவளுக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதமும் அதனுள் வைத்தேன். கீழே என் கையெழுத்து.