கையைக் கட்டிக்கொண்ட பத்து நிமிடம்

அப்போது எனக்கு, பெற்றோருக்கு மார்க் போடும் என் படிவத்தின் மேல் அபார நம்பிக்கை. காப்பகத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காக விருத்தாசலத்தில் வாரம் ஒருநாள் வகுப்பு நடந்தது. பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, கோபத்தை எப்படி அடக்குவது என்று சொல்லித்தருவார்கள். அதனால் பலன் உண்டா என்று மதிப்பிடுவது என் வேலை. கோபத்தை அடக்குவதற்கு நான் மார்க் போடுகிறேன் என்றால் என் வீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வகுப்புக்கு வந்தவர்களில் ஒரு அம்மாவுக்குப் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் வேலை. கணவர் விட்டுவிட்டுப் போனபின், ஷிப்டுக்குப் போகும்போது ஏழு வயது மகளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். யாரோ குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்ய, பிள்ளை காப்பகத்துக்குப் போய்விட்டாள். அதன்பின் அவர் பகல் வேலைக்கு மாறினார். ஸ்கூல் விட்டதும் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்தார். ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. மகளைத் திருப்பி அனுப்புவதை ஒரு குழு முடிவு செய்யும். அவர்கள் பார்க்கும் தாள்களில் என்னுடையதும் ஒன்று.

வகுப்புகள் முடிந்ததும் ஒரு அறையில் தாயையும் மகளையும் உட்கார வைத்தோம். நடுவே ஒரு பெட்டி நிறைய பொம்மைகள், மூலையில் நான். பத்து நிமிடம் அவர்கள் விளையாடுவதைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஒருமுறை பெட்டிப் பக்கம் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையை மெல்ல இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ‘விளையாடவில்லை’, ‘பேசவில்லை’, ‘குழந்தையைத் தடுத்தார்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

முடிவைக் குழு மூன்று மாதம் தள்ளிவைத்தது.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்துபோக அனுமதி கிடைத்தது. பார்வையிட நானும் போனேன். சுவர் அலமாரியில் மூக்கில்லாத சிங்கம், ஒற்றைக் காது யானை, வால் போன கிளி என்று வரிசையாக இருந்தன. கம்பெனியில் கழித்துப்போட்டவை. மகள் இல்லாத ஒவ்வொரு வாரமும் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து வைத்திருக்கிறார். பிள்ளை எல்லாவற்றையும் தரையில் இறக்கிக் கொட்டினாள்.

“ஐயோ, எம் மூக்க யாருடி எடுத்தது?” என்று சிங்கத்தின் குரலில் அம்மா கேட்டார்.

“யானைதாம்மா தின்னுடுச்சு!”

நான் கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துபோனேன். இவ்வளவு நன்றாக விளையாடுகிறவர் அன்றைக்கு ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று கேட்டேன்.

“அது உங்க சாமானு, மேடம். எங்க கம்பெனில இன்னும் சூளைல வேகாத பொம்மைய லேசா தொட்டாலே விரிசல் வுட்டுடும், பழி தொட்டவங்க மேலதான். உங்க பொம்மை ஒன்னு ஒடைஞ்சா பொண்ண தரமாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சு. எதையும் தொடாத, கையக் கட்டிக்கினு இருன்னு அவகிட்ட முன்னாடியே சொல்லித்தான் கூட்டியாந்தேன்.”

மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “நான் ஒன்னுமே தொடலியே, மிஸ். அப்புறம் ஏன் என்னைய வூட்டுக்கு வுடல?”

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. படிவத்தைப் புரட்டுகிறவள் மாதிரி குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“உம்மேல தப்பில்லம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்” என்றேன்.

அன்றைக்கே குழுவுக்குக் கடிதம் எழுதினேன். பொம்மைகளைத் தொடலாம், உடைந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவே இல்லை. குறை என்னுடையது என்று. மேலதிகாரி போனில் எகிறினார். “இப்படி எழுதினா, நீங்க போட்ட மத்த மார்க்கெல்லாம் என்னாவறது?”

“அதையும் திரும்பப் பாக்கணும் சார்.”

பார்த்தோம். இன்னும் சில தாள்களில் அதே ‘குழந்தையைத் தடுத்தார்’, அதே அழகான கையெழுத்தில். அந்த வீடுகளுக்கும் போனேன்.

அடுத்த கூட்டத்தில் குழு, மகளைக் கூட்டிப்போகலாம் என்றது. நானும் அங்கே இருந்தேன். இருவரும் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டே எழுந்து நடந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் மகள் நின்றாள்.

“அம்மா, இப்ப கைய எடுக்கலாமா?”

அம்மா குனிந்து, அவ்வளவு வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்.