சத்தமில்லாத ஃபேன்

1. மணியண்ணனின் பெட்டி

பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் மேசை என்னுடையது. பெரகல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் மணியண்ணன் ஒருநாள் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, ஒரு கல்யாணத்த டிவிடிக்கு ரெடி பண்ண மூணரை மணித்தியாலம் போச்சு. ஓவர்க்ளொக் பண்ணுனேன், இப்ப ரெண்டரைல முடியுது. ஆனா இந்த ஃபேன் கத்துற கத்துல அடுத்த காம்பரா புள்ளைக்கி ஏ.எல். பரீட்சைக்கிப் படிக்க முடியலையாம். அவங்கப்பா சண்டைக்கி வாறாரு."

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாது.

ஓவர்க்ளொக் என்றால் ப்ராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓடவிடுவது. வேகம் கூடினால் சூடும் கூடும். எல்லை தாண்டினால் மெஷின் தானாக நின்றுவிடும், செய்த வேலையும் போய்விடும்.

2. மூன்று கூலர்

ப்ராசஸரின் சூட்டை இறக்கும் கூலர் மூன்றை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். முதலாவதில் சின்ன ஃபேன். சூடு இறங்கியது, சத்தம் இறங்கவில்லை. இரண்டாவது முழுக்கச் செம்பால் செய்தது. கனம்தான் மிச்சம், விசில் அடித்தது. மூன்றாவதில் அகலமான ஃபேன், மெதுவாகச் சுற்றி நிறையக் காற்றைத் தள்ளும். பெட்டியின் மூடி பூட்டுமா என்று அடிமட்டம் வைத்து அளந்து மாட்டினேன். இரண்டு மணித்தியாலம் ஓடியும் ஐம்பத்தாறு டிகிரியைத் தாண்டவில்லை. காதை வைத்தால்தான் சத்தம் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. ரவியின் டிவிடி

இரண்டு வாரம் கழித்துக் காலையில் மணியண்ணனின் போன்.

"தங்கச்சி, மானத்த வாங்காத! நேத்து ராவுல இருந்து மெஷின் ரெண்டு தரம் பாதியில நின்னு போச்சு. கல்யாண மாப்பிள்ள ரவி மூணு மணி வேன்ல ஏர்போட் போறான். ரெண்டு வருசம் கட்டார்ல இருக்கப் போறவன், கல்யாண டிவிடிய கையில கேக்குறான். நான் வெலிமடையில சடங்கு வீட்டுல மாட்டிக்கிட்டேன்."

பஸ் பிடித்து ஓடினேன். போய்ச் சேர மணி பன்னிரண்டு. மணியண்ணன் வீட்டு வாசலில் ரவி நின்றுகொண்டிருந்தான். கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாள்தான். "கெடச்சிருமாக்கா?" என்றான். "கெடைக்கும் தம்பி" என்றேன், என் கூலர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மெஷினைப் போட்டு வேலையை ஆரம்பித்தேன். சூடு ஐம்பத்தெட்டு. ஒரு கோளாறும் இல்லை. ரவி பையை எடுக்க வீட்டுக்குப் போனான். போன் சிக்னல் மேல் ரோட்டில்தான் கிடைக்கும். ஏறிப் போய் மணியண்ணனிடம், "எல்லாம் சரிண்ணே, சும்மா பயந்துட்டீங்க" என்று பெருமையடித்துவிட்டு இறங்கினேன்.

வந்து பார்த்தால், மொனிட்டர் கறுத்திருக்கிறது. பெட்டி மேல் பூப்போட்ட தடித்த உறை, அடி வரை இழுத்து மூடியிருக்கிறது. தொட்டேன், சுட்டது. மெஷின் செத்துக் கிடந்தது.

"யாரு மூடுனது?" என்று கத்தினேன்.

மணியண்ணனின் மனைவி புஷ்பா அண்ணி கரண்டியோடு ஓடிவந்தார். "நாந்தான் தங்கச்சி. அடுப்புப் பொக படியும்ல, ஓடாதப்ப எப்பவும் மூடிருவேன். பழைய ஃபேனு கத்தும், ஓடுதுன்னு தெரியும். இது மூச்சே விடலியே, திரையும் கறுத்திருந்திச்சு, நின்னுருச்சின்னு நெனச்சேன். நேத்தும் அப்பிடித்தான்."

மணி ஒன்று. மெஷினை மறுபடி போட்டு முதலில் இருந்து முழுசாக எடுத்தால் மூன்றரை ஆகும். ரவி பையோடு வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விசயத்தைச் சொன்னேன். பையைக் கீழே வைத்தான்.

"தாலி கட்டுற எடமும் அம்மா அட்சத போடுற எடமும் மட்டும் வருமாக்கா?"

வெட்டி ஒட்டி நாற்பது நிமிசப் படமாக எடுத்துக் கொடுத்தேன். வேன் ஹோர்ன் அடிக்கும்போதுதான் டிவிடி கைக்கு வந்தது. "போதுங்கக்கா" என்றான். போதாது என்று எனக்குத் தெரியும்.

4. யாரிடம் சொல்லவில்லை

"ஒருத்தரும் எனக்கு ஒண்ணும் சொல்லலியே தங்கச்சி" என்று அண்ணி அழுதார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடையில் என்னைத் தாண்டி, "ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்று கேட்பவர்களை மனசுக்குள் திட்டுகிறவள் நான். அந்த ஃபேனைப் பற்றி மணியண்ணனுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். நாள் முழுக்க அதோடு இருக்கும் அண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு, வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்காமல் நான் எந்தக் கூலரும் மாட்டியதில்லை.

அன்றைக்கு அண்ணியின் கையைப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் பின்பக்கம் வைத்தேன். சூடான காற்று விரலில் பட்டது.

"அட, ஓடுதே!" என்றார்.

ரவியின் வேன் அதற்குள் பெரகலயைத் தாண்டியிருக்கும்.