அத்தை சொல்லாத பெயர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் இருநூற்று ஆறாவது பிரிவு சொல்வது இது: ஓட்டுநர் காட்டும் உரிமம் பொய்யானது என்று நம்பக் காரணம் இருந்தால் காவல் அதிகாரி அதைக் கைப்பற்றலாம், கைப்பற்றியபின், அது எப்படி வந்தது என்று ஓட்டுநரிடமோ வண்டியின் உரிமையாளரிடமோ விளக்கம் கேட்க வேண்டும். ஓட்டுநரின் மனைவியிடம் கேட்கலாம் என்று எங்கும் இல்லை. போக்குவரத்து அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தப் புத்தகத்தோடு குடும்பம் நடத்திவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவள் நான். திருத்தங்கள், அடிக்குறிப்புகள் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. ஓட்டுநர் தலைமறைவாகிவிடுவார் என்ற ஐயத்தில் உரிமத்தை வாங்கி வைத்தால், அதற்கு ஒரு தற்காலிக ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். அந்தச் சீட்டைக் காட்டி அவர் வண்டி ஓட்டலாம். பொய் ஆவணமா, தலைமறைவா, எந்தக் காரணத்துக்காக என் மாமாவின் லைசென்ஸை எடுத்துக்கொண்டார்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை. காரணம் சொல்லாததால் சீட்டும் இல்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சட்டம் தெரியாது. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வருகிற வியாழக்கிழமை மாமா மெட்ராஸில் ஓர் ஏஜெண்டு முன்னால் வண்டி ஓட்டிக் காட்டவேண்டும். கையில் அசல் லைசென்ஸ் இருக்கவேண்டும், நகல் ஆகாது. தேறினால் குவைத். குவைத்திலிருந்து எனக்கு, பட்டனை அழுத்தினால் விரியும் குடை.

மாமா என் அம்மாவின் தம்பி. சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். குவைத்தில் சண்டை ஓய்ந்து மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு வீடுகளில் வழுவழுப்பான வெளிநாட்டுக் கம்பளிகள் இருந்தன, ஆண்கள் இல்லை. எதிர்வீட்டுக்காரர் கடிதம் எழுதமாட்டார், கேசட்டில் பேசி அனுப்புவார். அவர் போனபின் பிறந்த குழந்தை, டேப் ரெக்கார்டரைத் தொட்டுக் காட்டி "நைனா" என்னும். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். மாமாவைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்த அத்தை மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்விடுவாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று நான் முடிவு செய்திருந்தேன்.

வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக மாமா வேண்டிக்கொண்டிருந்தார். அம்மா அதைத் திருத்தினாள். வேண்டுதலை முதலிலேயே செலுத்திவிட்டால் சாமிக்கு வேறு வழி இருக்காது என்பது அவள் எண்ணம். மண்டிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் வேனைக் கேட்டு வாங்கி, மாமா, அத்தை, நான் மூவரும் திருமலைக்குப் போனோம். மாமா தலையோடு மீசையையும் கொடுத்தார். அத்தை பெண்கள் வழக்கப்படி நுனியில் மூன்று கத்தரி வெட்டு முடி மட்டும் கொடுத்தாள். லைசென்ஸில் இருந்த படத்தில் மாமாவுக்குச் சுருள் சுருளாக முடியும், அந்தக் காலத்துக் கதாநாயகர்களுக்குச் சவால் விடும் மீசையும் இருந்தன என்பது எங்கள் யாருக்கும் நினைவில்லை. வியாழக்கிழமை பரீட்சையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முகத்தை மாற்றிக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

திரும்பும்போது மாமா உற்சாகமாக இருந்தார்.

"ரெண்டு வருஷம்தான். கண்ண மூடித் தொறந்தா போயிடும்" என்றார்.

"கண்ண மூடிக்கினு கீறவங்களுக்குப் போயிடும்" என்றாள் அத்தை, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

புத்தலப்பட்டைத் தாண்டி ஒரு கூட்டுரோடு. அந்த ஸ்டேஷனின் பெயர் வேண்டாம்; இப்போது அங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள். தார் டிரம்களைக் குறுக்கே வைத்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வேன்களைத் திருடி எல்லை தாண்டி விற்கும் ஒரு கூட்டம் பிடிபடாமல் இருந்ததாம். அவர்கள் மொட்டை அடித்துக்கொண்டு, நெற்றியில் நாமத்தோடு, பக்தர்கள்போலப் போவதாகத் தகவல். திருப்பதி சாலையில் மொட்டைத் தலையைச் சந்தேகிப்பது கடற்கரையில் மணலைச் சந்தேகிப்பதுபோல. ஆனால் அந்த எஸ்.ஐ. கடலோர மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர், சிறு வயது. மேலிடம் சொன்னதை அப்படியே செய்தார். இதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் முதல் வருஷத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

லைசென்ஸை வாங்கிப் படத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு வயதான ஏட்டு. எங்கள் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர்.

"சார், மொட்ட போட்டா எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரிதான் கீது" என்று தெலுங்கிலும் தமிழிலுமாகச் சிபாரிசு செய்தார். எஸ்.ஐ. கேட்கவில்லை. முன் சீட்டில் இருந்த அத்தையைக் காட்டி, யார் என்று கேட்டார். மனைவி என்றார் மாமா. அப்படியானால் அவளே சொல்லட்டும், புருஷன் பெயர் என்ன என்றார்.

ஏட்டய்யா அதைத் தமிழில் கேட்டார். "உன் ஊட்டுக்காரர் பேரு இன்னாம்மா?"

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள்.

"அந்தாண்ட நிக்கிறாரே, அவரு பேருதான்."

"அது தெரியுதும்மா. பேரு?"

"காலையில லைன்ல நின்னு பாத்துட்டு வந்தமே, அவரு பேரு."

ஏட்டய்யாவுக்கு முகம் மலர்ந்தது. "சார், சாமி பேரு!" என்றார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. சாமிக்கு ஆயிரம் பெயர் இருக்கிறது, லைசென்ஸில் ஒன்றுதான் இருக்கிறது, அதைச் சொல்லச் சொல் என்றார். யோசித்தால் அது நியாயமான கேள்விதான்.

"சொல்லேண்டி! இன்னாத்துக்கு முழுங்கிக்கினு கீற?" என்றார் மாமா. "பேரு சொன்னா வாயி வெந்துடுமா?"

அத்தை தரையைப் பார்த்தாள். எஸ்.ஐ. கொஞ்சம் இறங்கி வந்தார். வாயால் சொல்லவேண்டாம், எழுதிக் காட்டட்டும் என்று தன் நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"எழுத வராதுங்க" என்றாள் அத்தை.

அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறவள். பயத்தில் எழுத்து மறந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். கணக்குப் பரீட்சையில் எனக்கும் அப்படி ஆகும்.

அப்போதுதான் நான் உதவிக்கு வந்தேன். பின் சீட்டிலிருந்து எழுந்து, "எங்க மாமா பேரு ராஜா!" என்று கத்தினேன்.

அது வீட்டில் கூப்பிடும் பெயர். லைசென்ஸில் இருந்தது வேறு. எஸ்.ஐ. என்னைப் பார்த்து முதல்முறையாகப் புன்னகைத்தார். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், இரண்டு முகம், புருஷன் பெயர் தெரியாத மனைவி. இதற்குமேல் ஓர் இளம் அதிகாரிக்கு என்ன வேண்டும்?

ஏட்டய்யா எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மண்டிக்குப் போன் செய்தார். விடுமுறை நாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்து வேனை விட்டார்கள். மாமாவை விட்டார்கள். லைசென்ஸ் மட்டும் எஸ்.ஐ.யின் சட்டைப் பைக்குள் போனது.

"சார், வியாழக்கெழம மெட்ராஸ்ல வேணும் சார். வேலைக்குப் போறேன் சார்" என்று மாமா ஜீப் வரை பின்னாலேயே போனார். மொட்டைத் தலை வெயிலில் மின்னியது. அத்தை அதைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாமா ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்; லைசென்ஸ் சரிபார்ப்புக்காகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனார். அது இன்னும் வந்துசேரவில்லை. வந்தாலும் பதிவேட்டோடு ஒப்பிட மேலதிகாரி உத்தரவு வேண்டும் என்றார் குமாஸ்தா. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பின்னாளில் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதையேதான் சொன்னேன்.

புதன்கிழமை மறுபடி ஸ்டேஷன். ஏட்டய்யா மாமாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "நீ நல்ல ஆளுன்னு எனக்குத் தெரியும்பா. ஆனா காயிதம் கெளம்பிடுச்சி. காயிதத்த காயிதம்தான் திருப்பிக் கூட்டினு வரும். அர்ஜி குடு" என்றார். கையிலிருந்த டீயையும் மாமாவிடம் கொடுத்தாராம்.

எங்கள் வீட்டில் தெலுங்கில் நன்றாக எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றிருந்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த அரசாங்க மொழி. நடந்ததை எல்லாம் எழுதி, லைசென்ஸைத் தயவுசெய்து தருமாறு கேட்டு, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்று முடித்தேன். மாமா அதன்கீழ் தமிழில் கையெழுத்துப் போட்டார். தப்பு என்னால்தானே வந்தது; ராஜா என்று கத்தியிருக்காவிட்டால் எஸ்.ஐ. விட்டிருப்பார் என்று நம்பினேன். எழுதும்போது அத்தை எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் என்று காரணம் வைத்திருந்தேன்.

"அத்த, என்னாலதான இப்படி ஆச்சி?" என்று கேட்டேன்.

"சே, உன்னால இல்லடி பாப்பா. உன்னால இல்லவே இல்ல" என்றாள். அவ்வளவு உறுதியாகச் சொன்னது பெரிய மனசு என்று எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை மாமா அர்ஜியின் நகலோடு மெட்ராஸ் போனார். ஏஜெண்டு நகலைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்து நின்ற, முடியும் மீசையும் லைசென்ஸும் உள்ள ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார். மாமா வீடு வந்து துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். எழுந்து துன்னச் சொல்லி அத்தை மூன்று முறை கூப்பிட்டாள். பத்து நாள் அவளோடு பேசவே இல்லை.

ஒப்புகைச் சீட்டு இல்லாததால் வேன் ஓட்டும் வேலையும் போனது. மண்டிக்காரர் வேறு டிரைவரை வைத்துக்கொண்டு, பாவம் பார்த்து மாமாவை வெல்ல மூட்டை தூக்க வைத்துக்கொண்டார். முதல் வாரத்தில் தோள் தோலெல்லாம் உரிந்துவிட்டது. அத்தை அதற்கு எண்ணெய் தடவுவாள், பேசாமலேயே தடவிக்கொள்வார். அவள் கடலைக்காய்க் கொல்லைக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தாள். வெயிலில் கறுத்து, கையெல்லாம் மண்ணாக வருவாள். வந்த கையோடு சோறு கட்டிக்கொண்டு மண்டிக்கு ஓடுவாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். மாமா மூட்டைகள்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் உப்பு அதிகம் என்றார். பத்து நாளைக்குப்பின் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அத்தை, யாரோ பரிசு கொடுத்ததுபோல் சிரித்தாள். இவ்வளவு கஷ்டம் வந்திருக்கிறது, இவள் என்ன சிரிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. குடை போனது எனக்குத்தானே.

நான் மேலும் இரண்டு அர்ஜிகள் எழுதினேன். "மாணவன்" என்பதை ஏட்டய்யா சொல்லித் திருத்திக்கொண்டேன். பள்ளி திறந்தது. மாமாவின் தலையில் முடி வளர்ந்து, காதைத் தொட்டு, மீசையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. படத்துக்கும் முகத்துக்கும் இப்போது எந்த வித்தியாசமும் இல்லை. படம்தான் கையில் இல்லை.

பிறகு ஒருநாள் அரைநாள் பள்ளி முடிந்து நான் வந்தபோது, வாசலில் தபால்காரர் பதிவுத் தபாலோடு நின்றிருந்தார். ஊருக்குப் புதியவர். மாமா மண்டியில் இருந்தார். வாசலில் அத்தை மட்டும். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. அது அப்போது என் கவனத்தில் பதியவே இல்லை.

"இது யாருக்கு வந்ததுன்னு சரியா சொல்லணும்மா. அப்பத்தான் குடுப்பேன்" என்றார் தபால்காரர்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டாள். மாமாவின் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு, அவர் அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரி சொன்னாள். நாக்கு தடுமாறவில்லை. பேனாவை வாங்கி, தபால்காரர் நீட்டிய ஒப்புகை அட்டையில் அழகான கையெழுத்தில் தன் பெயரையும் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

உறைக்குள் லைசென்ஸும் இரண்டு வரிப் பதிலும் இருந்தன: சரிபார்க்கப்பட்டது, உண்மையானது, திருப்பி அனுப்பப்படுகிறது. நான் குதித்தேன். இதைக் கொஞ்சம் முன்னாலேயே அனுப்பியிருந்தால் மாமா இந்நேரம் குவைத்தில் இருந்திருப்பார் என்றேன்.

"ஆமாண்டி பாப்பா" என்றாள் அத்தை. "ரொம்ப நாள் ஆக்கிட்டாங்க."

அத்தைக்கு ஒருவழியாகக் கூச்சம் தெளிந்துவிட்டது, அன்றைக்கே தெளிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வந்த நாளை உறைமேல் எழுதி வைக்கச் சொன்னாள். எழுதினேன்: ஆகஸ்ட் இருபத்திரண்டு, சனிக்கிழமை.