எட்டாவது போல்ட்

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். எனக்கு நடந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மூணே முக்காலிலிருந்து நாலரைக்குள். நல்ல வெயில். இதில் ஒரு வார்த்தை கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. வலது மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். கரையெல்லாம் சேறு, நாலடி தள்ளினால் ஆள் மூழ்கும் ஆழம். படகில் ஏறி இறங்க ஒரு மிதவை மேடை வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. "ஆள் வச்சு செஞ்சா என்ன?" என்றாள் மனைவி. எதையும் நானே செய்து பார்க்க வேண்டும் என்ற கொழுப்பு எனக்கு. அவளுடைய தம்பி, என் மச்சான், எங்கிருந்தோ பழைய பலகைகளும் எட்டு பிளாஸ்டிக் டிரம்களும் வண்டியில் ஏற்றி வந்தான். யாரிடம் வாங்கினான் என்று நான் கேட்கவில்லை.

மரச்சட்டம், அதைச் சுற்றி அடியில் டிரம்கள், மேலே பலகை. அவ்வளவுதான் மேடை. தண்ணீரில் விட்ட பிறகு போல்ட்டுகளை முறுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் போல்ட்டைத் திருப்ப வேண்டும், கீழே ஒருவர் நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் விட்டாலும் இரண்டும் சேர்ந்து சும்மா சுற்றும். கீழே இருப்பவர் ஒரு தட்டு தட்டினால் திருப்பு, மூன்று தட்டினால் நிறுத்து. இது எங்கள் ஏற்பாடு. நான் கீழே, மச்சான் மேலே. டிரம்களுக்கு அடியில் முங்கி உள்ளே போனால், நடுவில் தண்ணீருக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாண் இடம் இருக்கும். முகத்தை மட்டும் அதில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்.

காலையில் இரண்டு ஸ்பேனர்களைக் குளத்துக்குக் காணிக்கை கொடுத்திருந்தேன். அதனால் மூன்றாவதை ஒரு சிவப்பு நைலான் பட்டையால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டேன். ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

ஏழு போல்ட் முடிந்தது. வாடகை டிரில்லிங் மெஷினை நாலு மணிக்குள் திருப்பித் தர வேண்டும்.

"கொடுத்துட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் தண்ணியில இறங்காதீங்க அத்தான்."

"சரி, போடா."

இறங்கினேன். அவன் வந்ததும் நேரம் வீணாகக் கூடாது பாருங்கள். இடது கை வாட்ச்சில் 3:46. எட்டாவது நட்டில் ஸ்பேனரை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

3:52. தலைக்கு மேலே காலடி. டொக்... டொக்... டொக்... எனக்கு நேர் மேலே வந்து நின்றது.

"மச்சான்?"

அவன் காதில் விழவில்லை போல என்று ஒரு தட்டு தட்டினேன்.

கடகடவென்று போல்ட் திரும்பியது. நட்டு மேலே ஏறி இறுகியது. போதும். மூன்று தட்டினேன்.

நிற்கவில்லை.

கை சுரீர் என்றது. பட்டையின் ஒரு மடிப்பு வாஷருக்கும் மரத்துக்கும் நடுவில் போய் மாட்டியிருந்தது. மணிக்கட்டு மேலே இழுபட்டுச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஈர முடிச்சு, ஒரு கையால் அவிழவில்லை. இடது கையால் நட்டைத் திருப்பினேன். போல்ட்டும் கூடவே சுற்றியது. மேலே யாராவது பிடிக்காமல் அது கழலாது.

"டேய், கை மாட்டிக்கிச்சு. மேல பிடி."

டொக். டொக்.

இன்னொரு ஜோடிக் கால்கள்.

மேடை கொஞ்சம் அமுங்கியது. தண்ணீர் காதுக்கு வந்தது.

4:05. இன்னும் இரண்டு பேர். பிறகு மூன்று. செருப்புச் சத்தம். குதிகால் சத்தம். ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு சாண் நாலு விரலானது.

பயந்துவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

தட்டினேன். மூன்று. மறுபடி மூன்று...

பலகை நெற்றியில் இடித்தது.

4:25. இரண்டு விரல்.

அப்போது கரைப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல். கரகரத்த குரல். மச்சான் இல்லை.

"நெருங்கி நில்லுங்க... ஒண்ணு..."

வாய் மூழ்கியது.

"ரெண்டு..."

மூக்கு...

பைக் சத்தம்.

மேடை குபுக்கென்று மேலே எழுந்தது. காற்று வந்தது. தட்டினேன். ஓடிவந்து ஏறிய கால்கள் ஒரே ஆளுடையவை. "அத்தான், நான் பிடிச்சுக்கிட்டேன். கழட்டுங்க." கழற்றினேன்.

கரையில் உட்கார்ந்ததும் மச்சான் சொன்னான்.

"மேல ஒரு ஆளும் இல்ல அத்தான். ஆனா பலகை தண்ணி மட்டத்துல கிடந்துச்சு. நான் வண்டிய நிறுத்தினதும் தானா மேல வந்துச்சு."

நட்டைக் கழற்றியபோது கையோடு வந்ததைப் பிறகுதான் பார்த்தோம். ஒன்றல்ல, இரண்டு பட்டைகள். ஒன்று என் சிவப்பு நைலான். இன்னொன்று கறுத்து நைந்த துணிப் பட்டை, ஒரு முனையில் முடிச்சு, மறு முனை கத்தியால் அறுத்தது. அந்த போல்ட்டுக்கான ஓட்டையை அன்று காலைதான் நாங்கள் போட்டோம். போல்ட்டும் வாஷரும் புதுசு.

மறுநாள் மச்சான் என்னைப் பலகை விற்றவரிடம் கூட்டிப்போனான். வயதானவர். "வாங்க" என்றார். வாசலிலேயே நின்றுவிட்டேன். அதே கரகரத்த குரல்.

துணிப் பட்டையை அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"பழைய படகுத்துறை மேடையோட பலகை அது. நானும் என் கூட்டாளியும் சேர்ந்து மாட்டினோம். அவன் கீழ, நான் மேல. ஸ்பேனர் விழாம இருக்க இதைத்தான் கட்டியிருந்தான். கடைசியில இதை அறுத்துதான் அவன வெளிய எடுத்தாங்க."

"மேல யாரு ஏறினா?"

"சுத்திப் பாக்க வந்தவங்க, பதினாலு பேர். போட்டோ எடுத்துக் கொடுங்கன்னு கேமராவ கையில கொடுத்தாங்க. நான் கரைக்கு வந்துட்டேன். கீழ அவன் மூணு மூணா தட்டுறது கேட்டுச்சு. ஒரே ஒரு படம்தானேன்னு..."

பட்டையின் அறுத்த முனையைப் பார்த்துக்கொண்டே அவரே முடித்தார்.

"ஒண்ணு, ரெண்டுன்னு சொன்னேன். தட்டுற சத்தம் நின்னுடுச்சு. மூணு சொல்லவே இல்ல."