நாலு விரல் காட்டி நடக்க விட்டார்கள்

போன சனிக்கிழமை கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து மன்ஹைம் போய் வந்தேன். எழுபது கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். தங்கச்சியின் மகள் அபி அங்கே பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்து ஆடும் பேஸ்பால் விளையாடினாள். மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிறவர் அவள் அடிப்பதைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். வயது எல்லை இந்த வருடத்தோடு முடிகிறது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

நுழைவு இலவசம். கோப்பி இரண்டு யூரோ, வாயில் வைக்க முடியாது.

பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் முறை மட்டை பிடிக்க வந்தபோதே அபி பந்தை வேலிவரை விரட்டினாள். தேர்வாளர் அப்போது நெடுஞ்சாலை நெரிசலில் நின்றாராம். ஜெர்மன்காரர் ஒருவர் பிந்தி வந்ததை இத்தனை வருடத்தில் அன்றுதான் கண்டேன். அதுவும் எங்கள் தலையில்தானா விடிய வேண்டும்?

அவர் வந்து உட்கார்ந்த பிறகு அபி மறுபடி மட்டையோடு வந்தாள். எதிரணிப் பயிற்சியாளர் நடுவருக்கு நாலு விரலைக் காட்டினார். அவ்வளவுதான். ஒரு பந்தும் எறியாமலே அபியை முதலாம் பேஸுக்கு, ஓடுகிறவர்கள் நிற்கிற நிறுத்தங்களில் முதலாவதுக்கு, நடக்கச் சொன்னார்கள். சும்மா கிடைப்பதை விடுகிற ஆட்களா நாங்கள்? நானும் தங்கச்சியும் எழும்பிக் கைதட்டினோம்.

"மாமா, கைதட்டாதேங்கோ! என்னை அடிக்க விடாமச் செய்யிறாங்கள்!" என்று அபி அங்கிருந்தே கத்தினாள்.

பக்கத்தில் இருந்த சிவா விளக்கினார். எதிரணியில் பந்து எறிகிற பையனின் தகப்பன் அவர். நன்றாக அடிப்பவரை இப்படி நடக்க விட்டு, அடுத்து வரும் பலவீனமான ஆளை வீழ்த்துவார்களாம். சட்டத்தில் இருக்கிறதாம்.

"உங்கட மகனுக்கு அவ்வளவு பயமோ?" என்றேன்.

"அவனுக்கில்லை அண்ணை. எறியத்தான் போறன் எண்டு நிண்டவன். கோச் விடேல்லை."

"அப்ப கோச்சுக்கு ஒரு தாயத்துக் கட்டிவிடுங்கோ."

சிவா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரிக்கெட்டில் வைட் போட்டால் பந்தை மறுபடி போட வேண்டும், மட்டை நம் கையிலேயே இருக்கும். இங்கே மட்டையையே பறித்துவிடுகிறார்கள். வெல்வதற்கான தந்திரம், விளங்குகிறது. ஆனால் அடுத்து நிற்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே, "நீ ஒன்றுக்கும் ஆகாதவள்" என்று நாலு விரலால் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்தப் பிள்ளை லேனா. அபியின் மூன்றாம் முறையும் அதே விரல்கள், அதே நடை. லேனா ஆட்டமிழந்து தலை குனிந்து போனாள்.

கடைசிச் சுற்று. எங்கள் அணி ஒரு ஓட்டம் பின்னால். இரண்டாம் பேஸில் ஒருத்தி நிற்க, அபி வந்தாள். மறுபடி நாலு விரல்! லேனா பல்லைக் கடித்துக்கொண்டு வந்து அடித்தாள் பாருங்கள், பந்து எல்லைவரை உருண்டது. முன்னால் நின்றவளும் அபியும் ஓடி வந்து சேர, இரண்டு ஓட்டம் கிடைத்து வென்றுவிட்டோம். அந்தப் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கவே தனியாக டிக்கெட் போடலாம்.

தேர்வாளர் அபிக்குக் கை கொடுத்தார். "நன்றாக ஓடுகிறாய். ஆனால் நீ அடித்து நான் பார்க்கவில்லையே. பார்க்காமல் எடுக்க முடியாது" என்றார். போய்விட்டார். வென்ற அணியில் அவள் ஒருத்திதான் தோற்றாள்.

அபி லேனாவைக் கட்டிப்பிடித்துவிட்டுத் தனியே போய் நின்றாள். சிவாவின் மகன் பந்தோடு வந்தான்.

"வா, இப்ப எறியிறன். கோச் போயிட்டார்."

போகிறவர்கள் தொப்பியும் சாப்பாடும் கொண்டு போங்கள், நிழல் இல்லை. வேலிக்குப் பின்னால் காரை இலவசமாக விடலாம், ஆனால் விடாதீர்கள். அவன் எறிய அபி அடித்த பந்து அங்கேதான் போய் விழுந்தது, தேர்வாளரின் கார் நின்ற வெற்றிடத்தில்.