வெண்டைக்குத் தலைக்குளியல்

வேப்பெண்ணெயை முதலில் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். வேளாண்மை அலுவலகத்திலிருந்து இந்த விதியை முப்பது வருடம் சுற்றறிக்கையாக அனுப்பியவன் நான்.

பெங்களூரிலிருந்து கிளம்பிய ஓசூர் பஸ், சந்தாபுரா தாண்டி பஞ்சராகி நிற்கிறது. வெயில் தாழ்ந்துவிட்டது. சாலையோர வெண்டைத் தோட்டத்தில் ஸ்டெல்லா என்ற பெண் ஒரு வாளித் தண்ணீரில் வேப்பெண்ணெயை ஊற்றுகிறாள். எண்ணெய் அப்படியே மிதக்கிறது. இலைகளின் அடியில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது.

"சோப்பு எங்கேம்மா?"

"சோப்பு எதுக்கு சார்? என்ன தெளிக்கிறதுன்னு ஆபீஸுக்கு எழுதிப் போட்டு ஒரு மாசமாச்சு, பதிலே இல்ல. இந்த வெண்டையும் போச்சுன்னா, குத்தகையை விட்டுட்டு கோலாருக்கே திரும்ப வேண்டியதுதான்."

அவளிடம் இருப்பது ஷாம்பு பாக்கெட்டுகள்தான். ஒரு சரத்தையே பிரித்துக் கொட்டிக் கலக்குகிறேன். நுரை பொங்கி வழிந்து என் செருப்பை மூடுகிறது. பஸ்ஸே கைதட்டுகிறது.

"என்ன சார், வெண்டைக்கு எண்ணெய் வெச்சுத் தலைக்கு ஊத்தறீங்களா? இதுக்கு முன்னாடி கலக்கினதே இல்லையா?" என்கிறாள் ஸ்டெல்லா.

இல்லை. எழுதியதோடு சரி.

மறுபடி, ஒரே ஒரு பாக்கெட் ஷாம்புவில் எண்ணெயைக் கலந்து, பிறகு தண்ணீர் ஊற்றுகிறோம். கரைசல் பால்போல வெளுக்கிறது. கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நானே தெளிக்கிறேன். ஹாரன் கேட்டதும் அப்படியே பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

"சார், மிஷின்! மிஷினைக் குடுத்துட்டுப் போங்க!"

சிரிப்பில் மூச்சு வாங்குகிறது. மிஷினோடு என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு ஏறுகிறேன்.

பிறகு அவள் போனில் சொன்னது: வாராவாரம் தெளித்ததில் வெண்டை பிழைத்துக்கொண்டது. ஆபீஸின் பதிலும் வந்துவிட்டது, கடைசிக் காயைப் பறித்த மறுநாள்.