கோட்டுப் பைக்கு லேஞ்சி மடித்த ராமையா அண்ணன்

அன்று காலை நான் கோவிலுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ ஓட்டும் சிவா வாசலில் நிறுத்தி, இறங்காமலே கத்தினான். "அக்கா, ராமையாண்ணன் பேராதனையில பஸ்ஸ விட்டு எறங்கினவரு, கடை வாசல்ல போட்டிருந்த வாங்கில ஒக்காந்தாராம். அப்படியே சாஞ்சிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்." நான் கேட்ட முதல் கேள்வி எனக்கே வெட்கமாக இருக்கிறது. "பேராதனையிலயா? அங்க ஏன்டா எறங்கினாரு?" என்றேன். செத்துப்போனவரைப் பற்றி அதையா கேட்பது? ஆனால் அண்ணனைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி புரியும். எங்கள் கெலிஓயாவில் பஸ் ஏறினால் வேலைக்குக் கண்டியில்தான் இறங்குவார். நடுவில் இறங்கியதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

கருமாதி அழைப்போடு கொடுக்கும் சின்னப் புத்தகத்துக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கோவில் சபைப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டி டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், கோட்டுத் தைத்தும் வாடகைக்குக் கொடுத்தும் பிழைக்கும் கடையில் அண்ணன் வேலை பார்த்தார். தைப்பவர்கள் வேறு ஆட்கள். மாப்பிள்ளைகளுக்கு மாட்டிவிடுவதும், கோட்டு மேல் பையில் பட்டு லேஞ்சியை, அந்தச் சதுரக் கைக்குட்டையை, மடித்து வைப்பதும் அண்ணன் வேலை. "கோட்டு ஆளைத் தூக்கும். லேஞ்சி கோட்டைத் தூக்கும்" என்பார். கல்யாண வீடுகளுக்குக் கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார். கம்பளையிலிருந்து கலகெதர வரைக்கும் அவர் கை படாத மாப்பிள்ளைகள் குறைவு.

என் தம்பி கல்யாணத்தில்தான் அவருடன் முதன்முதலில் சண்டை போட்டேன். அப்போது அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிது. வெள்ளைப் பட்டு லேஞ்சியை எடுத்துப் பளபளவென்று விரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. புதுத் துணி, அதுவும் வெள்ளை, மூலையில் ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லை.

"அண்ணே, மஞ்சள் வைக்காத துணிய மாப்பிள்ளை நெஞ்சில வைக்க விடமாட்டேன்."

"மஞ்சள் வச்சா போட்டோவுல கறையாட்டம் தெரியும் தங்கச்சி."

"தெரியட்டும். நல்லது நடக்கிற எடத்துல மஞ்சள் தெரிஞ்சா என்ன குத்தம்?"

தம்பி கோட்டோடு நடுவில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லேஞ்சியை நீட்டி, "சரி, நீயே வை" என்றார். நான் சாமியறைக்குப் போய் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டுக் கொண்டுவந்தேன். அதை வாங்கி மேசையில் வைத்து, குறுக்கே மடித்து, திருப்பி, இழுத்து, என்ன செய்தார் என்று தெரியவில்லை. பைக்கு மேலே மூன்று முனைகள் மட்டும் வெள்ளையாக எழும்பி நின்றன. மஞ்சள் மூலை பைக்குள்ளே இறங்கி, தம்பியின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. "மூணு மூலை ஊருக்கு. ஒரு மூலை சாமிக்கு. போதுமா தங்கச்சி? இனி வாய மூடிக்கிறியா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் அவரே மஞ்சள் கேட்டு வாங்குவார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைகளை அவர் வதைப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். "மூச்ச விடுங்க மாப்பிள்ளை, பொண்ணு ஓடிறாது. வயித்த எக்காதீங்க, கோட்டு பொய் சொல்லாது." புதுக் கோட்டுக்கு மேல் பை வாய் தைத்தே வரும். நெளியாமல் இருப்பதற்காக லேசாக ஒரு தையல் ஓட்டியிருப்பார்கள். பணப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பாதி பிளேடால் அந்தத் தையலை அண்ணன்தான் பிரிப்பார். பிரித்துவிட்டு உள்ளே ஒரு விரல் விட்டுப் பார்த்து, "கதவு தெறந்தாச்சு" என்பார். யாராவது தாங்களே பிரிக்கப் போனால் கோபம் வந்துவிடும்.

அந்தக் கோபம்தான் அவர் வீட்டையும் கெடுத்தது. தெரிந்த கதைதான் என்றாலும் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்ததை நான் எழுதுகிறேன்.

அண்ணி காலமான பிறகு மகன் தினேஷை அவர் தனியாக வளர்த்தார். தினேஷுக்குக் கடுகண்ணாவையில் பெண் பார்த்தது, பேசியது எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. மகனுக்குக் கோட்டுத் தைக்க அண்ணன் துணி எடுத்து வைத்திருந்தார். சாம்பல் நிறம். என்னைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். இதற்கிடையில் தினேஷ் மைத்துனனாகப் போகிறவனுடன் கொழும்புக்குப் போய், கடையில் தொங்கிய ஒரு கோட்டு சூட்டை வாங்கி வந்துவிட்டான். அப்பாவுக்கு வேலை குறையட்டும் என்று நினைத்தானாம். அந்தப் பிள்ளை மனதில் வேறொன்றும் இல்லை.

"ஊருக்கே கோட்டு மாட்டுறவன் மகன் தொங்கினதப் போட்டுக்கிறானா? அப்ப வாங்கிக் குடுத்தவனே மாட்டியும் விடட்டும். நான் வரல்ல" என்றார் அண்ணன்.

"வராட்டிப் போங்க" என்று தினேஷும் சொல்லிவிட்டான். இரண்டு பேருக்கும் ஒரே நாக்கு.

கல்யாணத்தன்று காலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. திறந்து காட்டினார். உள்ளே மெல்லிய தாளுக்கு நடுவில், மடித்து முடித்த லேஞ்சி. பெண்ணின் சாரி நிறத்திலேயே கத்தரிப்பூப் பட்டு. "மடியில வச்சிக்க தங்கச்சி. கையில தொங்கவிடாத, மடிப்பு சரிஞ்சிரும்." நீங்களும் வாங்கண்ணே என்றேன். "நீ இத மட்டும் கொண்டுபோ" என்றார். எங்கள் வீட்டுக்காரரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அன்று தகப்பன் இடத்தில் எங்கள் வீட்டுக்காரர்தான் நிற்க வேண்டியதாயிற்று.

தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை கோட்டு மாற்றும் அறைக்கு நான் பெட்டியோடு போனேன். தினேஷ் திறந்து பார்த்தான். மைத்துனன் லேஞ்சியை எடுத்துப் பையில் செருகப் பார்த்தான். முடியவில்லை. "மச்சான், இதுக்கு வாயே இல்லையே. சும்மா அழகுக்குத் தச்ச பையா?" என்றான்.

"இல்ல தம்பி, தையல் போட்டிருக்கு. ஒரு பிளேடு குடுங்க, நான் பிரிச்சு விடுறேன்" என்றேன்.

தினேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் அத்தை. அது அப்பா வேலை. அவரு வந்து பிரிக்கட்டும். அதுவரைக்கும் தச்சபடியே இருக்கட்டும்." போட்டோக்காரன்கூட, "மாப்பிள்ளைக்குப் பூவாவது குத்துங்களேன்" என்றான். அதற்கும் அவன் சம்மதிக்கவில்லை. கல்யாணப் படங்களைப் பார்த்தால் தெரியும், அவன் நெஞ்சில் ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, காலில் சப்பாத்து, எல்லாம் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். புறப்பட்டிருக்கிறார், போகவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

"கட்டினானா?"

"கட்டிட்டான்ணே."

"பொண்ணு?"

"நல்ல புள்ள. எங்கள கண்டதும் ஒங்களத்தான் கேட்டா."

பெட்டியைக் கொடுத்தேன். லேஞ்சி உள்ளேயே இருந்ததைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தார். தினேஷ் சொன்னதைச் சொன்னேன். சிரித்தார், சத்தியமாகச் சிரித்தார். "திமிரப் பாத்தியா தங்கச்சி? அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கான்." லேஞ்சியை ஒரு உதறு உதறினார். மடிப்பெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. "சரி, அடுத்த மாசம் நானே போய்ப் பிரிச்சு விடுறேன்" என்றார். எனக்கு அன்றைக்கே பாதி நிம்மதி வந்துவிட்டது.

அந்த அடுத்த மாதம் வரவில்லை. தினேஷ் பெண் ஊரான கடுகண்ணாவையிலேயே குடித்தனம் வைத்துவிட்டான். முதலில் கல்யாண மாதம், கடையில் லீவு இல்லை என்றார். பிறகு ஆடி, ஆடியில் எதற்கு என்றார். மழை என்றார், முழங்கால் என்றார். பேத்தி பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மருமகள் போனில் கூப்பிட்டாள். "அவன் கூப்பிடட்டும்" என்றார். தினேஷிடம் சொன்னால், "மகன் வீட்டுக்கு வர அப்பாவுக்கு அழைப்பு வேணுமா அத்தை?" என்றான். என் வாய் ஊரறிந்த வாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த வாயைத் தேய்த்துக்கொண்டு நடந்தேன். அங்கே சொன்னதை இங்கே கொஞ்சம் இனிப்பாக, இங்கே சொன்னதை அங்கே கொஞ்சம் இனிப்பாக. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பொழுது பட்டால் வேலி ஓரத்தில் வந்து நிற்பார். "அந்தப் புள்ள படம் புதுசா வந்திருக்கா?" போனைக் கொடுத்தால் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். "மூக்கு நம்ம பக்கம்தான். வாய் மட்டும் ஒன்ன மாதிரி வராம இருக்கணும்" என்பார்.

செத்த வீட்டுக்குத் தினேஷ் ஓடி வந்தான். கொள்ளி வைத்து, குளித்து வந்த பிறகு, ஈர வேட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அத்தை, கடுகண்ணாவைக்கு வரணும்னா பேராதனையிலதானே பஸ் மாறணும்?"

"ஆமா தம்பி."

"என்னைப் பாக்கத்தான் வந்தாரா?"

நெஞ்சு வலித்து இறங்கியிருக்கலாம். ஒரு பிளேன்டீ குடிக்க இறங்கியிருக்கலாம். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "பணப்பையில பிளேடு இருந்துச்சு அத்தை" என்றான். அது எப்போதும் இருப்பதுதான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வந்தாருன்னே வச்சிக்க தம்பி" என்றேன். அவன் தலையை ஆட்டினான். "அந்தக் கோட்ட அதுக்கப்புறம் போடவே இல்ல. பை இன்னும் தச்சபடியேதான் இருக்கு. இனி யாரு பிரிக்கிறது?" நீயே பிரித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. என் வாயையும் அடைக்கிற கேள்வி உலகத்தில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். தினேஷ் கல்யாணம் முடிந்த வாரத்திலிருந்து ஒரு வெள்ளிகூடத் தவறாமல் அப்பன், மகன் இருவர் பேரிலும் அர்ச்சனை செய்து வந்தேன். ஒரே வீட்டில் உட்காராதவர்களை நான் ஒரே தட்டில் உட்கார வைத்திருந்தேன். குருக்கள் தட்டை வாங்கியதும் என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. "ராமையா, ரிஷப ராசி, மிருகசீரிடம்." குருக்கள் கையை நிறுத்தினார். "அம்மா, அந்தப் பேர் இனி வேணாமே. மகன் பேர மட்டும் சொல்லுங்க" என்றார் மெதுவாக.

சொன்னேன். தினேஷ் பேரைத் தனியாகச் சொல்வது என் காதுக்கே பாதியில் அறுந்ததுபோல இருந்தது. அண்ணன் லேஞ்சி மடித்த விதம் எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தும் கை பிடிபடவில்லை. அவருடைய பேரும் ராசியும் நட்சத்திரமும்தான் என்னிடம் இருக்கின்றன. குருக்கள் வேண்டாம் என்றாலும், நாளை வெள்ளிக்கிழமையும் என் வாயில் முதலில் அவைதான் வரும். வந்து, சொல்லாமல் விழுங்கிக்கொள்வேன்.